பக்கத்துக் கணினியைக் கேட்கச் சொன்னவள்

றெஜினாவின் தம்பிதான் பள்ளிமுனையிலிருந்து எனக்குத் தொலைபேசியில் சொன்னான்: "அக்கா எங்களை விட்டிட்டுப் போட்டா. அந்தாள் அடக்கப் பூசைக்கு வந்தால் கோயிலிலை முன்வாங்கிலை மட்டும் இருக்க விடாதேங்கோ." அழுகை வருமுன் எனக்குக் கோபம் வந்தது. அந்தாள் யாரென்று றெஜினாவை அறிந்த உங்களுக்கெல்லாம் தெரியும். அவளுடைய வேலையைத் தன் பெயரில் வெளியிட்ட பேராசிரியர்.

மன்னார் கரையின் பழைய கூத்துப் பிரதிகளையும் தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளைப் பாடும் பசாம் பாடல்களையும் நாங்கள் இருவரும் எங்கள் ஆவண நிலையத்தில் கணினியில் ஏற்றினோம். பிரதியின் ஒவ்வொரு எழுத்திலிருந்தும் கடைசிவரை நீளும் பகுதிகளை அகரவரிசைப்படுத்திவிட்டால், எந்த வரியையும் நொடியில் தேடிப் பிடிக்கலாம். அவ்வளவையும் தாங்கும் கணினி எங்களிடம் இல்லை. றெஜினா பாடசாலைகள் கழித்துவிட்ட கணினிகளைச் சேர்த்துப் பிணைத்து, பிரதிகளை ஆளுக்கொரு துண்டாகப் பங்கு போட்டாள்.

"தன்ரை துண்டு முடிஞ்சவுடனை கதையும் முடிஞ்சுதெண்டு ஒரு கணினியும் நினைக்கக்கூடாது. மிச்சத்தைப் பக்கத்துக் கணினியிட்டைக் கேக்கவேணும்" என்பாள். அப்படிக் கேட்கக் கணினிகளைப் பழக்கத்தான் அவள் பாடுபட்டாள். அதற்கு முன் எழுதிய நிரலின் முதல் வரைவை, ஆலோசனை கேட்டுப் பேராசிரியருக்கு அனுப்பியிருந்தாள். அது அவருடைய ஆய்வாக வெளிவந்தது. நான் கொதித்தேன். அவளோ, "மன்னாருக்குக் காட்ட வருவார்தானே. அப்ப பாப்பம்" என்றாள்.

வந்தார். மண்டபம் நிறைய ஆட்கள். றெஜினா பின்வரிசையில் எழுந்து, ஒரு பசாம் வரியைச் சொல்லித் தேடச் சொன்னாள். இல்லை என்றது திரை. "இந்த வரி தொகுப்பில் இல்லை" என்றார் பேராசிரியர்.

பசாம் பாடும் மீனவர் ஒருவர் எழும்பினார். "இல்லாமல் எப்பிடிச் சேர்? போன தவக்காலமும் பாடினனாங்கள்." அங்கேயே பாடியும் காட்டினார். மண்டபம் கூடப் பாடியது.

பாட்டு ஓயும்வரை றெஜினா காத்திருந்தாள். "வரி இருக்கு சேர். பாதி ஒரு கணினியிலை, பாதி மற்றதிலை. பக்கத்துக் கணினியிட்டைக் கேக்கப் பழக்கிறதுக்கு முதல் நான் எழுதினதைத்தான் நீங்கள் களவெடுத்தனீங்கள்." அன்று அவருடைய முகம் போன போக்கை நினைத்தால் இன்றும் எனக்குச் சோறு இறங்கும்.

ஆனாலும் அந்த ஆய்வில் அவளுடைய பெயரை அவர் கடைசிவரை சேர்க்கவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். நோயில் கிடந்தபோது பங்குச் சுவாமி, "மன்னிச்சு விடு பிள்ளை" என்றார். "முதலிலை அவர் வந்து கேக்கட்டும் சுவாமி" என்றாள். கேட்க அவர் வரவில்லை. என்னிடம் சொன்னாள்: "நான் மன்னிச்சிட்டன் எண்டு ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

அடக்கத்துக்கும் அவர் வரவில்லை. மலர்வளையமும் அனுதாபச் செய்தியும் வந்தன. "என் வழிகாட்டலில் உருவான அருமை மாணவி" என்று எழுதியிருந்தார். அவள் அவரிடம் ஒருநாளும் படித்ததில்லை. அனுதாபச் செய்திகளை வாசித்தவள் நான்தான். அதை மட்டும் வாசிக்கவில்லை.

றெஜினாவின் கணினிகள் இன்றும் எங்கள் நிலையத்தில் ஓடுகின்றன. இந்த அஞ்சலியையும் அந்தத் தொகுப்பில் சேர்த்துவிட்டேன். "என் வழிகாட்டலில் உருவான" என்று இனி யார் தேடினாலும், அவர் செய்த களவும் கூடவே வந்து நிற்கும். அவளுடைய கோபத்தை நான் வைத்துக்கொள்கிறேன். மன்னிக்கும் உரிமையை அவள் என்னிடம் விட்டுப் போகவில்லை.