புடவையால் நகர்ந்த சுவர்

சுந்தரவல்லிக்கு ஐம்பத்து மூன்று வயது. தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக் கடையின் மூன்றாவது மாடியில், பட்டுப் பிரிவில் வேலை. வாடிக்கையாளர்கள் பிரித்துப் போட்டுவிட்டுப் போகும் புடவைகளை மடித்து அடுக்க வேண்டும். முடிவெடுக்கத் தெரியாமல் நிற்பவர்களைக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, புடவையைச் சுற்றிவிட்டுக் காட்டுவதும் அவள்தான். கையில் வைத்துப் பார்க்கும் புடவையை அவள் நம்பமாட்டாள். உடம்பில் ஏறட்டும், அப்புறம் பேசலாம் என்பாள்.

அவள் கணவர் வெள்ளைச்சாமி சைதாப்பேட்டை மார்க்கெட்டில் சரக்கேற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஓட்டியவர். ஆறு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் வேலை செய்யாது. வாய் மட்டும் முன்பைவிட நன்றாக வேலை செய்யும். அவருக்குக் கை கால் பயிற்சி கொடுக்க வாரம் இரண்டு நாள் மயிலாப்பூரிலிருந்து பஸ் பிடித்துப் போனவள் நான். இடது கையால் சக்கரத்தைத் தள்ளி, இடது காலால் தரையை உந்தி, சக்கர நாற்காலியைத் தானே ஓட்டக் கற்றுக்கொண்டார். கைப்பிடி ஒன்று இருந்தால் நாற்காலியிலிருந்து கழிவறை இருக்கைக்குத் தானே மாறவும் செய்வார். அதற்கு நாற்காலி கழிவறைக்குள் போக வேண்டும். அவர்கள் இருந்த எந்த வீட்டிலும் அது போகவில்லை.

கட்டில் பக்கத்தில் பிளாஸ்டிக் கமோடு வாங்கி வைத்தோம். ஒரே அறை. அவள் வேலைக்குப் போய்த் திரும்பும்வரை அது அங்கேயே நாறிக்கொண்டு நிற்கும் என்று பகலில் அதைத் தொடமாட்டார். அதனால் பகல் முழுக்கத் தண்ணீர் குடிப்பதில்லை. இரண்டு முறை சிறுநீரில் கிருமி சேர்ந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். நான் திட்டினால், "குட்ச்சா போவணும் சிஸ்டர், போனா தூக்கணும்" என்பார். கணக்கு சரிதான்.

பழைய குடியிருப்பு அடையாற்றை ஒட்டி இருந்தது. கடைசியாக வந்த புயலில் தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். கட்டிலோடு அவரைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப் போனார்கள். "நாலு பேரு தூக்கிக்கினு போனாங்க. மாலை ஒண்ணுதான் போடல" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

பிறகு அந்தக் கட்டடத்தை இடித்தார்கள். அதே இடத்தில் எட்டு மாடி எழும்புவதாக ஏற்பாடு. தரைத்தளத்தில் வீடே கிடையாது. வெள்ளம் வந்தால் அடியில் புகுந்து வெளியேறிவிடும். மின்சாரப் பெட்டிகளும் முதல் மாடியில். தொண்ணூற்றாறு குடும்பங்களும் பக்கத்துத் தெருக்களில் வாடகைக்குப் போனார்கள். கட்டத் தொடங்கும் முன், இடத்தின் ஒரு மூலையில் ஒரே ஒரு மாதிரி வீட்டைக் கட்டி வைத்துவிட்டு, வெள்ளி, சனி இரண்டு நாளும் வந்து பார்த்துப் போகச் சொன்னார்கள். குடும்பத்துக்குப் பத்து நிமிடம்.

ஆவணி பிறந்த முதல் வெள்ளி அது. ஆடித் தள்ளுபடி முடிந்ததால் கடையில் சுந்தரவல்லிக்கு இரண்டு நாள் விடுப்பு. காலை பத்து மணிக்கு அவள் மாதிரி வீட்டுக்குள் நுழைந்தபோது ஒரு கையில் சின்ன கேஸ் அடுப்பு, மறு கையில் மஞ்சள் பூசிய பாத்திரம், பையில் ஒரு லிட்டர் பால். பின்னால் நாற்காலியில் வெள்ளைச்சாமி. அவருக்குப் பின்னால் நான்.

பால் பொங்கும் நேரத்தில் ஓடி வந்தாள் ஷண்முகப்ரியா. கட்டும் கம்பெனியின் இன்ஜினியர், முப்பது வயது இருக்கும், தலையில் மஞ்சள் ஹெல்மெட்.

"அம்மா, என்ன பண்றீங்க? இது குடியிருக்கிற வீடு இல்லம்மா. பார்த்துட்டுப் போறதுக்கு."

"பாத்துக்கினுதாம்மா கீறேன்."

"இங்க அடுப்பு பத்த வைக்கவே அனுமதி கிடையாது."

"அடுப்பு பத்த வெக்காத சமையக்கட்டு இன்னாத்துக்கு? இந்தா, நீ முதல்ல குடி. நீ கட்ன வூடு."

ஷண்முகப்ரியா டம்ளரையும் எங்களையும் பார்த்தாள். அடுப்பை அணைக்கச் சொல்லிவிட்டுப் பாலைக் குடித்தாள். அதற்குள் வாசலில் வரிசையில் நின்றவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். பத்து நிமிடக் கணக்கு அதோடு போயிற்று. யாரோ கற்பூரம் கேட்டார்கள். ஷண்முகப்ரியா அதற்கு மட்டும் முடியவே முடியாது என்றாள்.

வெள்ளைச்சாமி சொந்த வீட்டுப் பால் என்று இரண்டு டம்ளர் குடித்தார். அடுத்து நடக்க வேண்டியது நடந்தது. கழிவறைப் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். கதவு நிலையில் சக்கரம் இரண்டு பக்கமும் உரசி நின்றது. இடது கை விரல்கள் நிலைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் மாட்டித் தோல் உரிந்தது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை.

என் பையில் எப்போதும் இஞ்ச் டேப் இருக்கும். அளந்தேன். கதவுக்கு விட்ட இடம் இரண்டரை அடி. நிலை இரண்டு பக்கமும் தின்றது போக மீதி இருபத்தாறு அங்குலம். நாற்காலி இருபத்தைந்தரை. கதவு வேறு உள்பக்கம் திறந்தது. உள்ளே ஒருவர் விழுந்து கிடந்தால் கதவைத் திறக்கவே முடியாது. அப்படிக் கிடந்த மூன்று பேரை என் வேலையில் பார்த்திருக்கிறேன். இதை ஷண்முகப்ரியாவிடம் சொன்னேன்.

"விதிப்படி இரண்டரை அடி போதும் சிஸ்டர்" என்றாள்.

"விதிக்கு மூத்திரம் வராதும்மா. எனுக்கு வருது" என்றார் வெள்ளைச்சாமி, நிலையில் மாட்டியபடி.

அவரைப் பிடுங்கி எடுத்தோம். எடுத்தும் பயனில்லை. மாதிரி வீடு அல்லவா, குழாய் இருந்தது, தண்ணீர் இல்லை. நாலு தொழிலாளிகள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு சைட் ஆபீஸ் கழிவறைக்கு ஓடினார்கள். "மறுபடியும் நாலு பேரா" என்று அவர் கத்திக்கொண்டே போனது தெருவரை கேட்டது.

ஷண்முகப்ரியா சிரிக்கவில்லை. சுவரை உள்ளங்கையால் தட்டிக்காட்டி, விஷயத்தை விளக்கினாள். இந்த வீட்டில் செங்கல் கிடையாது. அலுமினியத்தில் அச்சு செய்து, அதற்குள் கம்பி கட்டி, சுவர், கூரை எல்லாவற்றையும் ஒரே நாளில் கான்கிரீட்டாக ஊற்றிவிடுவார்கள். வீடுகளுக்குள் தூண் இல்லை, சுவர்தான் தூண். புயலோ நில நடுக்கமோ வந்தால் மொத்தமும் ஒரே பெட்டியாக நிற்கும். ஆனால் பிறகு யாரும் சுவரை உடைத்துக் கதவைப் பெரிதாக்கக் கூடாது.

"அப்ப ஊத்தறதுக்கு முன்னயே பெருசா வையி" என்றாள் சுந்தரவல்லி.

"கதவைப் பெரிசாக்கி, நாற்காலி உள்ளே திரும்பவும் இடம் வேணும்னா, கழிவறைச் சுவரை ஆறு அங்குலம் கிச்சன் பக்கம் தள்ளணும்."

"தள்ளு."

"உங்க வீட்டுக்கு மட்டும் தள்ள முடியாதும்மா. எல்லாத்துக்கும் ஒரே அச்சு. அதனாலதான் சீக்கிரம் முடியுது, செலவும் கம்மி. தள்ளினா தொண்ணூத்தாறு கிச்சனும் ஆறு அங்குலம் குறையும். திங்கட்கிழமை அச்சுக்கு ஆர்டர் போகுது. அதுக்குள்ள பாதிப் பேருக்கு மேல கையெழுத்து இருந்தா நான் மேலே பேசறேன். இல்லாட்டி முடியாது."

அதைக் கேட்டுக்கொண்டிருந்த தமிழ்நிலா முன்னால் வந்தாள். பழைய குடியிருப்பில் சுந்தரவல்லிக்கு எதிர்வீடு. இட்லி மாவு அரைத்து விற்பவள். "இன்னாக்கா இது? ஒரு ஆளுக்கோசரம் எல்லார் சமையக்கட்டையும் வெட்டுவியா? என் கிரைண்டர எங்க வெப்பேன், உன் தலையிலயா?"

"ஆறு அங்குலம்டி. ஒரு சாண் கூட இல்ல."

"ஒரு சாண் வவுத்துக்குத்தான் நான் மாவாட்டறேன்."

பெண்கள் எல்லாரும் தமிழ்நிலா பக்கம்தான். எனக்கு அதில் ஆச்சரியமில்லை. சமையலறையில் நிற்கப்போவது அவர்கள்தானே. அன்று ஒரு கையெழுத்து கூடக் கிடைக்கவில்லை. வெள்ளைச்சாமி வீடு திரும்பியதும் தண்ணீர் வேண்டாம் என்று டம்ளரைத் தள்ளிவைத்தார்.

மறுநாள் காலை சுந்தரவல்லி நான்கு ஊதாப் புடவைகளோடு வந்தாள். மாதிரி வீட்டுச் சமையலறையில், கழிவறைச் சுவரிலிருந்து சரியாக ஆறு அங்குலம் தள்ளி, குறுக்கே கயிறு கட்டப் போனாள். ஆணி இறங்கவில்லை. மூன்று ஆணி வளைந்தது. ஷண்முகப்ரியா இரண்டு இரும்புக் குழாய்களை நிறுத்திக் கொடுத்தாள். கயிற்றில் புடவைகளை மடிப்புக் கலையாமல், தரை தொட, இழுத்துக் கட்டினாள் சுந்தரவல்லி. கடையில் முப்பது வருடம் பழகிய கை; ஊதா நிறத்தில் ஒரு சுவர் எழும்பி நின்றது.

"வாங்க. சும்மா நின்னு பாக்காதீங்க. சமைச்சிப் பாருங்க. யார் இடுப்பு புடவைல இடிக்குதோ அவங்க கையெழுத்துப் போட வேணாம்."

இந்த முறை ஷண்முகப்ரியாவே ஒரு மின்சார அடுப்புக்கு லைன் இழுத்துக் கொடுத்தாள். தீ எரியாதவரை அவளுக்குச் சம்மதம். முதலில் விளையாட்டாகத்தான் வந்தார்கள். ஒருத்தி ரவை உப்புமா கிளறினாள். இன்னொருத்தி வெங்காயம் அரிந்தாள். இருவர் சேர்ந்து நின்றால் இடிக்கிறதா என்று பார்த்தார்கள், இடிக்கவில்லை. மூவர் நின்றார்கள், புடவை ஆடியது. "மூணு பேரு நின்னா சமையல் நடக்காது, சண்டைதான் நடக்கும்" என்று ஒருத்தி தீர்ப்புச் சொன்னாள். பதினோரு மணிக்குள் முப்பத்தெட்டுக் கையெழுத்து. அதோடு நின்றுவிட்டது. மீதிப் பேர் தமிழ்நிலாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளிடம் மாவு வாங்குகிறவர்கள் அவர்கள்.

"உன் கிரைண்டர கொண்டாடி" என்றாள் சுந்தரவல்லி.

"கொண்டாந்து வெச்சிட்டு, வெக்க முடியலன்னா?"

"நானே சுவர அவுத்துடறேன்."

கிரைண்டர் மீன்பாடி வண்டியில் வந்து இறங்கியது. புடவைக்கும் மேடைக்கும் நடுவில் வைத்தார்கள். ஆள் நிற்க இடமில்லை. மேடைக்கு அடியில் தள்ளினார்கள். மேடையைத் தாங்க நடுவில் ஒரு குட்டைச் சுவர் இருந்தது. அதில் முட்டிக்கொண்டு பாதி வெளியே நின்றது. தமிழ்நிலா கையைக் கட்டிக்கொண்டாள். சுந்தரவல்லி கயிற்று முடிச்சில் கை வைத்தாள். சொன்ன சொல் சொன்னதுதான் அவளுக்கு.

ஷண்முகப்ரியா தரையில் மண்டியிட்டு அந்தக் குட்டைச் சுவரைத் தட்டிப் பார்த்தாள். "இருங்கம்மா, அவிழ்க்காதீங்க. இது மட்டும் பிறகு கட்டின செங்கல். வீட்டைத் தாங்குற சுவர் இல்ல. இதை ஓரமாத் தள்ளிவச்சா போதும்." பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து வரைபடத்தில் கோடு போட்டாள். "நியாயமா நடுவுலயே வந்திருக்கக் கூடாது."

ஒரு தொழிலாளி சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினார். சுவர் விழுந்தது. மேடை நின்றது. கிரைண்டர் உள்ளே போயிற்று. கூடவே ஒரு அரிசி மூட்டைக்கும் இடம் இருந்தது. தமிழ்நிலா குனிந்து பார்த்தாள், நிமிர்ந்து பார்த்தாள், கிரைண்டரை வெளியே இழுத்து மறுபடி உள்ளே தள்ளிப் பார்த்தாள்.

"பழைய வூட்ல இது கட்டிலுக்குக் கீய கிடந்திச்சி" என்றாள். பிறகு, "எங்க போடணும் கையெழுத்து? பேனாவ குடு, யாரு மூஞ்சியப் பாத்துக்கினு கீறீங்க?"

மாலைக்குள் எண்பத்து மூன்று. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும் என்று நான் ஒரு வரி எழுதிச் சேர்த்தேன். ஷண்முகப்ரியா எல்லாவற்றையும் மேலே அனுப்பினாள். இரண்டு மாதத்தில் அவளை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அனுப்பியது என்னவாயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. பச்சை வலைக்குப் பின்னால் கட்டடம் வாரத்துக்கு ஒரு தளமாக ஏறியது. கேட்டால் காவலாளி, "உள்ள வுடக் கூடாது" என்பார். ஊற்றிய சுவர் ஊற்றியதுதான் என்று தெரிந்ததால் சுந்தரவல்லிக்கு அந்த மாதங்கள் சுலபமாக இல்லை. காலையில் மாம்பலத்துக்கு ரயில் ஏறும் முன் கொஞ்சம் சுற்றி வந்து, வலையின் ஓட்டை வழியே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போவாள். தெரிந்ததெல்லாம் சாம்பல் நிறச் சுவர்.

பதினேழு மாதம் கழித்து, தை மாதத்தில் சாவி கொடுத்தார்கள். ஆறாவது மாடி. குலுக்கலில் பக்கத்து வீடு தமிழ்நிலாவுக்கு விழுந்தது. சொந்தக்காரர்கள் இருபது பேர் லிப்டில் நாலு நடையாக ஏறினார்கள். சுந்தரவல்லி கதவைத் திறந்தாள். ஹாலைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்க்கவில்லை. நேரே கழிவறைப் பக்கம் போய் நின்றாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள். அளந்தேன். நிலை போக முப்பத்து மூன்றரை அங்குலம். கதவு வெளியே திறந்தது. உள்ளே சுவரில் கைப்பிடி கூட இருந்தது. அது நாங்கள் கேட்காதது.

"யோவ், வாயா" என்றாள்.

வெள்ளைச்சாமி ஒரு சொம்புத் தண்ணீரை வாங்கிக் குடித்தார். இடது கையால் தள்ளி, இடது காலால் உந்தி, எங்கும் உரசாமல் உள்ளே போனார். கதவை இழுத்துச் சாத்தினார். தாழ்ப்பாள் விழுந்தது. சற்றுப் பொறுத்துத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. எல்லாரும் கை தட்டினார்கள்.

ஆனால் அவர் வரவில்லை. கால் மணி ஆயிற்று. அரை மணி ஆயிற்று. நான் கதவருகே போய், "மயக்கமா இருக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல சிஸ்டர்."

"முடிஞ்சுதா, இல்லியா?" என்றாள் சுந்தரவல்லி.

"அது அப்பவே முடிஞ்சிச்சி. சும்மா குந்திக்கினு கீறேன். ஆறு வருஷமா இதுக்கு ஒருத்தரும் என்னத் தனியா வுடல. இன்னும் கொஞ்ச நேரம் ஆவும், போ."

ஹாலில் இருந்த இருபது பேரும் சிரித்தார்கள். அதில் பாதிப் பேர் வெகு தூரத்திலிருந்து பஸ்ஸில் வந்தவர்கள். சிரிக்கவும் அவர்களால் அதிக நேரம் முடியவில்லை. தமிழ்நிலா தன் வீட்டுச் சாவியை ஆட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"அவரு இன்னிக்கு வரமாட்டாரு. அவசரம் கீறவங்கள்லாம் எங்க வூட்டுப் பக்கம் வரிசையா வாங்க."