விளக்கெண்ணெய் குடித்த டிராக்டர்

ஒன்பது வயதில் நான் ஒரு டிராக்டருக்கு வைத்தியம் பார்த்திருக்கிறேன். நோயாளி பிழைத்துக்கொண்டது. அதற்கு நான் காரணமில்லை; நோய்க்குத்தான் நான் காரணம்.

கீழச்சிவல்பட்டிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். யாரோ உழுது சலித்துத் தள்ளிவிட்ட டிராக்டர் ஒன்றைப் பெரியப்பா வாங்கி வந்திருந்தார். அதன் பின்பக்கம் ஓர் இரும்புத் தண்டு துருத்திக்கொண்டு சுற்றும். அதில் பெல்ட்டை மாட்டிவிட்டால் கண்மாய்ப் பள்ளத்துத் தண்ணீரை வயலுக்கு ஏற்றும் பம்பு ஓடும். அதன் பெயர் பி.டி.ஓ. என்றார்கள். எங்கள் ஊர் அதை வால் என்று கூப்பிட்டது.

அந்த வருடம் மழை பிந்தியதால் நடவும் பிந்தியது. மற்றவர்கள் அறுத்துப் பொங்கல் வைத்தபோது பெரியப்பாவின் கதிர் அப்போதுதான் பால் பிடித்திருந்தது. இன்னும் ஒரே ஒரு தண்ணீர் வேண்டும். கிடைக்காவிட்டால் அத்தனையும் பதர். கண்மாய்த் தண்ணீரோ மடைக்குக் கீழே இறங்கிவிட்டது. டிராக்டரின் வால்தான் கதி.

மாட்டுப் பொங்கலன்று அண்ணன்மார் இருவரும் மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் தடவி, வர்ணம் அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் தூரிகையைக் கேட்டதற்கு, பொம்பளப்பிள்ளைக்கு இங்கே வேலையில்லை என்று துரத்திவிட்டார்கள். நானும் அசரவில்லை. எனக்கென்று ஒரு மாட்டைத் தேர்ந்தெடுத்தேன். கொட்டகையில் கேட்பாரற்று நின்றது டிராக்டர்.

அதன் கிளட்ச் பெடலை மிதித்தால் கிரீச்சென்று முனகும். மாட்டுவண்டி அப்படி முனகினால் அச்சுக்கு விளக்கெண்ணெய் விடுவார்கள். எங்கள் வயிறு முனகினாலும் அதே எண்ணெய்தான். ஆகவே எனக்குச் சந்தேகமே வரவில்லை. பெடலுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை இருந்தது. அதன் மூடி எந்தக் காலத்திலோ விழுந்துபோயிருந்தது. அதுதான் வாய் என்று முடிவு கட்டி, சமையலறையிலிருந்த விளக்கெண்ணெய் டின்னைக் கொண்டுவந்து முழுவதும் புகட்டினேன். பச்சை இலைப் படம் போட்ட அந்தத் தகர டின்னை வைக்கோல் படப்புக்குள் செருகிவிட்டு வந்து சர்க்கரைப் பொங்கல் தின்றேன்.

மறுநாள் கண்மாய்க்கரையில் ஏறும்போது டிராக்டர் உறுமியதே தவிர நகரவில்லை. கடைசியில் நீலக் கொம்பும் சிவப்புக் கொம்புமாக அண்ணன்மாரின் மாடுகள்தான் அதைப் பம்படிக்கு இழுத்துப் போயின. அதைவிடப் பெரிய அவமானம் ஒரு டிராக்டருக்கு நேர முடியாது. அங்கே பெல்ட் இல்லாதவரை வால் சுற்றியது. பெல்ட்டை மாட்டியதும் சோர்ந்து நின்றது. கரையில் நின்றவர்கள், அடுத்த பொங்கலுக்கு இதற்கும் ஒரு மூக்கணாங்கயிறு போட்டுவிடலாம் என்றார்கள். பெரியப்பா வயலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மாடுகளுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

அடுத்த நாள் காரைக்குடியிலிருந்து மெக்கானிக் ஆசாரி முதல் பஸ்ஸில் வந்தார். அவருடைய அப்பா வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை போட்டவர். மகன் டிராக்டருக்கு மாறியிருந்தார். முதலில் பெல்ட்டைப் பார்த்தார், அது வழுக்கவில்லை. பெடலைக் கையால் அழுத்தினார்; முதல் ஓர் அங்குலம் லொடலொடவென்று இருக்க வேண்டுமாம், இருந்தது. பிறகு பிரேக்கை இறுக்கி, பெரிய கியரில் போட்டு, கிளட்ச்சை விட்டார். கிளட்ச் சரியாகப் பிடித்தால் எஞ்சின் அந்த இடத்திலேயே அணைந்திருக்க வேண்டும். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"சக்கரத்துக்கும் வாலுக்கும் ஒரே கிளட்ச்சுதான். உள்ள பிளேட்டு வழுக்குது" என்றார். ஓட்டைக்குள் விரலை விட்டு எடுத்து முகர்ந்தார். இன்னொரு தடவையும் முகர்ந்தார். சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். நான் பெரியப்பாவின் வேட்டிக்குப் பின்னால் இருந்தேன்.

"என்ன ஆசாரியாரே, எதுனால வழுக்குது?" என்றார் பெரியப்பா.

"பழைய வண்டில்ல. ஆயில் சீலு கசிஞ்சிருக்கு."

போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது. பாவம், மெக்கானிக்குக்கே தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டியை இரண்டாகப் பிரித்துக் கழுவுவதுதான் முறை. அதற்குள் கதிர் காய்ந்துவிடும் என்றார். பெரிய வீட்டு ஆச்சியின் காரிலிருந்து பெட்ரோல் வாங்கி வந்தார்கள். பீடி பிடித்தவர்களை எல்லாம் கரைக்கு அங்குட்டு விரட்டினார்கள். பெடலை அமுக்கியே வைத்திருக்க வேண்டும், அப்போதுதான் பிளேட் விலகி நிற்கும். பெரியப்பா பெரிய அண்ணனைக் கூப்பிட்டார். ஆசாரி தடுத்துவிட்டார்.

"அந்தப் பிள்ளைய ஏத்தி விடுங்க. வண்டி மேல அதுக்குத்தான் அக்கறை சாஸ்தி."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு காலாலும் பெடல் மேல் நின்றேன். பெரியப்பா முன்னால் நின்று எஞ்சினைக் கைப்பிடியால் மெல்லச் சுற்ற, ஆசாரி ஓட்டை வழியே பெட்ரோலைப் பீய்ச்சினார். கால் நடுங்கி, மரத்து, கடைசியில் கால் இருப்பதே மறந்துபோயிற்று. எண்ணெய் கரைந்து வடிந்து, பிறகு வெறும் பெட்ரோலாகச் சொட்டியது. வெயிலில் நன்றாகக் காயவிட்டு மறுபடி பிரேக், பெரிய கியர், கிளட்ச். எஞ்சின் ஒரு தும்மல் போட்டு அணைந்தது. எஞ்சின் செத்ததற்கு அத்தனை பேர் சந்தோஷப்பட்டு நான் அப்புறம் பார்த்ததில்லை.

சாயங்காலம் வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. பெரியப்பா வரப்பில் உட்கார்ந்து முகத்தைக் கழுவினார், வெகுநேரம் கழுவினார்.

கிளம்பும் முன் ஆசாரி தகரம் வெட்டி, அந்த ஓட்டைக்கு ஒரு மூடி செய்து, நான்கு திருகாணி போட்டு முடுக்கினார். தூசி போகாமல் இருக்க என்றார். பெரியப்பாவும் ஆமாம், தூசிதான் என்றார். அடுத்த மாட்டுப் பொங்கலுக்குப் பெரியப்பாவே தூரிகையும் நீல வர்ணமும் என் கையில் கொடுத்து, டிராக்டர் உன் பொறுப்பு என்றார். அண்ணன்மார் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஒவ்வொரு வருடமும் மட்கார்டுக்கு வர்ணம் அடிப்பேன். மூடியில் மட்டும் அடிக்க மாட்டேன்; அதிலிருந்த பச்சை இலைப் படம் அவ்வளவு அழகு. நம் வீட்டு விளக்கெண்ணெய் டின்னிலும் இதே படம்தானே என்றுகூட நினைத்திருக்கிறேன். வைக்கோலுக்குள் செருகிய டின் என்ன ஆயிற்று என்று மட்டும் நினைத்ததே இல்லை.