இரண்டு தட்டு

என் சித்தப்பாவுக்கு வேலை செய்யும் இடத்தில் ‘தட்டு மாஸ்டர்’ என்று பெயர். லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். கம்பெனி கொடுக்கும் டார்ச்சை உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டாமல் அவரால் எந்த வேலையையும் ஆரம்பிக்க முடியாது. அதனால் வந்த பெயர்.

அந்த டார்ச்சைப் பற்றிப் பேசினால் எனக்கு வாயில் நல்ல வார்த்தை வராது. பத்தாயிரம் மணி நேரம் எரியும் என்று அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும். சேர்ந்தாற்போல் பத்து மணி நேரம் எரிந்ததை எங்கள் வீட்டில் யாரும் பார்த்ததில்லை. பல்பு சாகாது, அது உண்மைதான். அதைச் சுற்றியிருக்கிற மற்றதெல்லாம் செத்துவிடும். மூன்று குட்டி பேட்டரிகளைச் செருகும் பிளாஸ்டிக் கூடு ஆடும், ஸ்பிரிங் தளரும், பொத்தானை அமுக்கினால் உள்ளே போனது வெளியே வராது. சித்தப்பா ஸ்பிரிங்கை உப்புத்தாளால் தேய்ப்பார், சாக்லேட் சுற்றி வரும் வெள்ளித்தாளை மடித்து அடியில் வைப்பார். நல்லதாக நாலு டார்ச் கொடுங்கள் என்று சூப்பர்வைசரிடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார். தட்டினால் எரிகிறதல்லவா, அப்புறம் என்ன என்பது அந்தப் புண்ணியவானின் பதில்.

சித்தியின் தம்பி, எனக்கு மாமா, சித்தப்பாவோடு ஜோடியாக வேலை செய்கிறவர். தாயில்லாத அவரை ஆறு வயதிலிருந்து வளர்த்தது சித்திதான். முப்பது வயதைத் தாண்டிய பிறகும் சாப்பாட்டில் உப்பு சரியா என்று அவரைக் கேட்ட பிறகுதான் புருஷனைக் கேட்பாள். அவரை வேலையில் சேர்த்த அன்று வாசலில் நின்று சித்தப்பாவிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்.

“உங்களை நம்பித்தான் அனுப்புறேன். கூட்டிட்டுப் போன மாதிரியே திருப்பிக் கூட்டிட்டு வரணும்.”

லிஃப்ட் ஓடும் சுவருக்குள் கத்தினால் எதிரொலிதான் வரும், வார்த்தை வராது. அடிக்குழியில் போனுக்கு சிக்னலும் கிடையாது. ஆகவே இவர்கள் டார்ச்சால் பேசிக்கொள்வார்கள். சித்தப்பா லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் நிற்பார். மாமா அடியில், குழிக்குள் இருப்பார். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் உள்ள சந்து வழியாகக் கீழே வெளிச்சம் தெரியும். நீளமாக எரிந்தால் நிறுத்து. இரண்டு முறை மின்னினால், நான் குழியை விட்டு வெளியே வந்துவிட்டேன், இறக்கு. பல வருஷமாக இதுதான் அவர்கள் பாஷை; வீட்டில் சித்திக்கும் தெரியும்.

அன்று காலை பதினோரு மணி, ஒரு பழைய ஆபீஸ் கட்டடம். குழி ஆழம் இல்லாதது. பெட்டி முழுதாக இறங்கினால் கீழே ஒரு ஆள் உட்கார இடம் இருக்காது. குழிக்குள் இருக்கவேண்டிய சிவப்பு நிறுத்து பொத்தான் செத்து மூன்று மாதம் ஆகிறது. எழுதிக் கொடுத்தும் யாரும் அசையவில்லை. சித்தப்பா மூன்றாவது மாடி உயரத்தில், பெட்டியின் மேல். மாமா கீழே கசிந்திருந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சந்துக்குள் இரண்டு முறை மின்னியது. சித்தப்பா கூரைமேலேயே இருந்த இறக்கும் பொத்தானை அமுக்கினார். அமுக்கிக்கொண்டே இருந்தால்தான் பெட்டி நகரும். மெதுவாகத்தான் நகரும். இரண்டு மாடி இறங்கிவிட்டது. அப்புறம் இன்னும் ஒரு முறை மின்னியது.

மூன்று என்று ஒரு பேச்சு அவர்களிடம் கிடையாது. சித்தப்பா விரலை எடுத்துவிட்டார். எட்டிப் பார்த்தார், இருட்டு. “மாப்ளே” என்று கூப்பிட்டார். அவர் குரலே அவரிடம் திரும்பி வந்தது. தன் டார்ச்சை எடுத்தார். அது எரியவில்லை. வழக்கம்போலத் தட்டுவதற்குக் கையை ஓங்கினார்.

ஓங்கிய கை அப்படியே நின்றது. கீழே என்ன நடந்தது என்று அந்த நொடியில் அவருக்கு விளங்கிவிட்டது. மாமாவின் டார்ச் அணைந்திருக்கிறது. மாமா அதை உள்ளங்கையில் தட்டியிருக்கிறார். ஒவ்வொரு தட்டுக்கும் அது ஒருமுறை எரிந்து அணைந்திருக்கிறது. தட்டச் சொல்லிக் கொடுத்தது யார்? இவர்தான்.

இதையெல்லாம் பிறகுதான் என்னிடம் சொன்னார். பெட்டியை மேலே ஏற்றலாம். ஆனால் கீழே அந்த ஆளின் சட்டையோ கையோ ஏதாவது ஒன்றில் மாட்டியிருந்தால்? ஏற்றாமல் அப்படியே விட்டால், அடியில் நசுங்கிக்கொண்டிருந்தால்? கேட்க ஒரு நாதியில்லை. வாசலில் நின்ற சித்தியின் முகம்தான் அவருக்குத் தெரிந்ததாம். அழுதுகொண்டே பொத்தானைத் தொட்டுத் தொட்டு விட்டார். பெட்டி விரல் அளவு விரல் அளவாக ஏறியது. முதல் மாடிக் கதவைத் திறந்து வெளியே குதித்து, படியில் உருண்டு புரண்டு ஓடி, கீழ்க்கதவைச் சாவி போட்டு இழுத்தார்.

மாமா எண்ணெய்க்குள் குப்புறப் படுத்திருந்தார். முதுகில் சட்டை கிழிந்து, பெட்டியின் அடி உரசிய கோடு ரத்தமாக இருந்தது. கையில் அந்த டார்ச். இப்போது பளிச்சென்று, ஆடாமல் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது.

“அத்தான், நான் ரெண்டு தட்டுதான் தட்டினேன்” என்றார் மாமா. “மூணாவது தட்டல. மேல இருந்து பெட்டி இறங்குற சத்தம் கேட்டுச்சு, இருட்டுல கதவுத் தாழ் கைக்கு அகப்படல. கை நடுங்குனதுல அதுவா ஒருதடவை எரிஞ்சுது. அவ்வளவுதான்.”

சித்தியிடம் சொல்வதில்லை என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள். கம்பியில் கீறிவிட்டது என்று மாமா சொன்னார். சித்தி மருந்து போட்டுவிட்டு, பார்த்து வேலை செய்யக்கூடாதா என்று இரண்டு பேரையும் ஒரு பாட்டம் திட்டினாள். எனக்கும் அப்போது எதுவும் தெரியாது. சித்தப்பா மட்டும் தலையைக் குனிந்துகொண்டே இருந்தார்.

நான்காம் நாள் சாயங்காலம் நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது கரண்ட் போனது. சித்தி அலமாரியிலிருந்து டார்ச்சை எடுத்தாள். அதுவும் கம்பெனி டார்ச்தான். அமுக்கினாள், எரியவில்லை. புருஷனைப் பார்த்துப் பழகியவள். உள்ளங்கையில் தட்டினாள். ஒருமுறை மின்னியது. இன்னும் ஒருமுறை மின்னியது.

மாமாவின் சாப்பாட்டுத் தட்டு தரையில் விழுந்து உருண்டது. “தட்டாதடி” என்று சித்தப்பா போட்ட சத்தத்தில் நான் எழுந்தே விட்டேன். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. தொடர்ந்து அவர் அழுவது கேட்டது. மாமா மூச்சு வாங்குவதும் கேட்டது.

சித்தி டார்ச்சைக் கீழே வைத்தாள். இருட்டில் தவழ்ந்து வந்து, தடவித் தடவித் தம்பியின் முதுகைத் தேடினாள். கீறல் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று விரலால் அளந்து பார்த்தாள். “பெட்டிக்கு அடியில எவ்வளவு இடம் இருந்துச்சு?” என்று மட்டும் கேட்டாள்.