முப்பத்திநாலு என்று சொன்ன இடுப்பு

போன ஞாயிறு எங்கள் தீவின் ஹேடோ துறைமுகக் குவார்ட்டர்ஸில் மெடிக்கல் கேம்ப். இஞ்ச் டேப்பைக் கண்டதும் ஆம்பிளைகள் அத்தனை பேருக்கும் வயிறு உள்ளே போய்விட்டது. பார்க்க வேண்டுமே... நெஞ்சை நிமிர்த்தி வரிசை முழுக்கப் பட்டாளத்துக்காரர்கள்!

என் மகன் செல்வம் இன்னும் கெட்டிக்காரன்.

"எதுக்கு அளக்கிறீங்க சிஸ்டர்? பேண்ட் சைஸ் முப்பத்திநாலு. பத்து வருசமா அதேதான்."

பொய்யில்லை. பேண்ட் நின்ற இடத்திலேயே நிற்கிறது. தொப்பைதான் அதைத் தாண்டி வெளியே வந்துவிட்டது.

நர்ஸ் விடுவாளா? "பையா, சாஸ் சோடோ" என்று மூச்சை விடச் சொன்னாள். எத்தனை நேரம்தான் பிடிப்பான்? விட்டான். இடுப்பெலும்புக்கு மேலே டேப் ஓடியது. நூற்று நான்கு சென்டிமீட்டர்! நம் ஆம்பிளைகளுக்குத் தொண்ணூறுதான் எல்லையாம்.

"டேப் இழுத்துப் போச்சு சிஸ்டர்" என்றான். ரப்பரா என்ன, இழுத்துப் போக?

அவன் மனைவி கலா சிரிக்கவில்லை. இவன் அப்பாவும் 'எனக்கென்ன' என்று சொல்லிக்கொண்டேதான் இருந்தார் — கப்பல் நிற்கும் ஜெட்டியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுகிற வரைக்கும். அந்தப் பயம் அவளுக்கு.

"வெறும் வயித்துல சுகர் நூத்தியெட்டுதானே டாக்டர்? சுகர் இல்லைதானே?" என்று செல்வம் முந்திக்கொண்டான். கேம்புக்காக முன்னாடியே எடுத்த ரத்த ரிப்போர்ட் வந்த அன்றே ஜிலேபி வாங்கிக் கொண்டாடியவன் ஆயிற்றே!

மெயின்லேண்டிலிருந்து வந்த டாக்டரம்மா பொறுமைசாலி. "இடுப்பு, பிரஷர், வெறும் வயித்து சுகர், ட்ரைகிளிசரைடுங்கிற கொழுப்பு, அப்புறம் நல்ல கொழுப்பு. இந்த அஞ்சுல மூணு சரியில்லேன்னாலே மெட்டபாலிக் சிண்ட்ரோம் சார். உங்களுக்கு நாலு. சுகர் வியாதி இன்னும் வரல. ஆனா உடம்பு இன்சுலின் பேச்சைக் கேக்கல."

எனக்குச் சட்டென்று புரிந்தது. கலா கூப்பிட்டால் இவன் காதில் விழாது. அவள் இன்னும் உரக்கக் கூப்பிடுவாள். வேலை நடந்துவிடும். ஆனால் எத்தனை நாளைக்கு? ஒருநாள் தொண்டை கட்டிவிடும். இன்சுலினும் அப்படித்தான் ஒருநாள் ஓயும்; அன்றைக்குத்தான் சுகர் ஏறும்.

"காய்கறி சாப்பிடலாம்னா கப்பலே வர்றதில்லையே டாக்டர்" என்றான்.

"கப்பல்ல சரக்கு இறக்குறதே நீங்கதானே?" என்று கலா கேட்டாள். டாக்டரம்மா குனிந்து சிரித்தார்.

வீட்டுக்கு வந்தோம். சாப்பிடும்போது மெதுவாகக் கேட்டான்: "அம்மா, அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுதா?"

"அவரை யாரும் அளக்கவே இல்லடா."

தட்டிலிருந்த சோற்றில் பாதியைச் சட்டியில் திரும்பப் போட்டான். கலா திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் வாக்கிங் கிளம்பினான். எதில்? ஸ்கூட்டரில்! கலா சாவியைப் பிடுங்கி என்னிடம் கொடுத்தாள். நான் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

செருகும்போதுதான் உறைத்தது — பொம்பிளைகளுக்கு எண்பதுதான் எல்லையாமே!