கட்டிப்போட்ட படகின் மட்டம்

படகு தானாகச் சாயவில்லையாம், யாரோ சாய்க்கிறார்களாம். ஏரிக்கரையில் பெட்ரோல் போடுகிறவர் சொன்னதாகச் சலவைக்கடைக்காரம்மா சொன்னாராம். அவர் சொன்னதாக என் பெரியக்கா சாப்பாட்டு மேசையில் சொன்னாள். ஆள் இல்லாத நேரம் பார்த்து, படகுக்குள் இருக்கும் இடது பக்கத்துத் தண்ணீர்ப் பைக்குள் யாரோ தண்ணீரை விட்டுவிடுகிறார்களாம். வேலை செய்தவன் பெயர் கெட வேண்டும், அதுதானாம் நோக்கம்.

வேலை செய்தவர் பெரியக்காவின் கணவர், என் பெரிய அத்தான். எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். வேறு யாராக இருந்தாலும் சலவைக்கடையில் வேறு பேச்சே இல்லையா என்று கேட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தொடர்ந்திருப்பார்கள். அத்தான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "யாரோன்னா யாரு?" என்றார்.

அதற்கு மேல் தனக்குத் தெரியாது என்றாள் அக்கா. தெரிந்துகொண்டே மறைக்கிறாள் என்று அவர் முடிவு கட்டிவிட்டது அவர் தண்ணீர் குடித்த விதத்திலேயே தெரிந்தது.

அத்தானுடைய பிறவிக்குணம் அது. பால் பாக்கெட்டைத் தன் கையால் வெட்டினாலும் முகர்ந்து பார்க்காமல் ஊற்ற மாட்டார். கடையில் நிறுத்து வாங்கிய வெங்காயத்தை வீட்டுத் தராசில் மறுபடி நிறுப்பார். வீட்டைப் பூட்டிவிட்டுப் படியிறங்கி, திரும்ப ஏறி, பூட்டைப் பிடித்து ஒரு தொங்கு தொங்குவார். "நீ ரொம்ப நல்லவன்பா" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அன்று முழுக்க அந்த ஆளுக்கு என்ன வேண்டியிருக்கிறது என்றுதான் யோசிப்பார். நான் இந்த ஊருக்கு வந்து இவர்கள் வீட்டில் தங்கிய புதிதில், அடுத்த மாதமும் இங்கேதான் இருப்பேனா என்று தினமும் நானே பயந்துகொண்டிருந்தேன். அந்த பயத்தையும் அவர் சந்தேகப்பட்டார். எதையாவது எடுத்துவிட்டுத்தான் இவன் இப்படி முழிக்கிறானா என்று அக்காவிடம் கேட்டிருக்கிறார்.

அவருக்கு ஏரிக்கரையில் 'மட்டம்' என்று பெயர். சட்டைப்பையில் சின்ன ரசமட்டம் ஒன்று எப்போதும் இருக்கும், கண்ணாடிக் குழாயில் குமிழி ஓடுமே, அது. இருபது வருடம் வாஷிங் மிஷின் பழுது பார்த்த கை. மிஷின் மட்டமாக நின்றால்தான் ஆடாமல் சுற்றும். அதனால் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் குமிழி, பிறகுதான் வணக்கம். எங்கள் ஃபிரிட்ஜ், மேசை, என் கட்டில் எல்லாவற்றின் காலடியிலும் மடித்த அட்டை இருக்கும். "என் தலையிலயும் ஒருநாள் வச்சுப் பார்த்தாரு. குமிழி எந்தப் பக்கம் போச்சுன்னு இன்னிவரைக்கும் சொல்லல" என்பாள் அக்கா.

மிஷின் கடை மூடிய பிறகு அவரைப் படகு வேலைக்குக் கூட்டிவந்தவர் என் சின்னக்காவின் கணவர். ஏரியில் படகு ஓட்டுகிறவர், அத்தானுக்குச் சகலை. படகுக்குள் இருப்பதும் பம்ப்தான், குழாய்தான், உங்களுக்குத் தெரியாததா என்று சொல்லி, முதலாளியம்மாவிடம் தன் பொறுப்பில் சேர்த்துவிட்டார். முதலாளியம்மா ஒரு பல் டாக்டர். வாரத்தில் ஐந்து நாள் பல் பிடுங்குவார், மீதி நாளில் படகை வாடகைக்கு விடுவார். அந்த ஒரு படகை நம்பி இரண்டு சகலைகளின் வீட்டிலும் அடுப்பு எரிந்தது.

அது வேக்போர்டு படகு. காலில் பலகையை மாட்டிக்கொண்டு, கயிற்றைப் பிடித்தபடி ஒருவர் படகின் பின்னால் இழுபட்டு வருவார். படகு கிளப்பிவிடும் அலையில் ஏறித் தாவுவதுதான் விளையாட்டு. படகு எவ்வளவு கனமோ அவ்வளவு பெரிய அலை. அதற்காகவே உள்ளே தண்ணீர்ப் பைகள் வைத்து, ஏரித்தண்ணீரையே பம்ப் மூலம் ஏற்றி இறக்குவார்கள். தொழிலில் இதற்கு பேலஸ்ட் என்று பெயர். அத்தானுக்கு அது எப்போதும் தண்ணிப்பை.

பெரிய அலை வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் கேட்டதால் டாக்டரம்மா இந்த வருடம் எல்லாவற்றையும் மாற்றச் சொன்னார். பின்பக்கம் இடதும் வலதும் இரண்டு பெரிய பைகள், முன்மூக்கில் இருக்கைக்கு அடியில் ஒன்று. நாய்க்குட்டி கத்துவதுபோல் முனகிக்கொண்டு மெதுவாக நிரப்பிய பழைய பம்ப்களைக் கழற்றிவிட்டு, வேகமான புதிய பம்ப்கள். வலது பக்கம் பேட்டரி குறுக்கே நின்றதால் குழாயை அதன் தலைக்கு மேல் வளைத்துக் கொண்டுபோனார் அத்தான். இடது பக்கமும் மூக்குப் பக்கமும் தடை இல்லை, நேராக இழுத்துவிட்டார். பிறகு படகைத் துறையில் இரண்டு பக்கமும் கட்டி, பைகளை நிரப்பி, காலியாக்கி, மறுபடி நிரப்பி, தளத்தில் ரசமட்டத்தை வைத்தார். குமிழி நடுவில் நின்று அசையவில்லை. நான் கூடத்தான் இருந்தேன். அன்று அவர் முகத்தில் பார்த்த நிம்மதியை அதற்கு முன் பார்த்ததில்லை.

முதல் ஓட்டத்திலேயே படகு இடது பக்கம் சாய்ந்தது.

மூக்குப்பையை மட்டும் நிரப்பி, பின்பைகள் இரண்டையும் காலியாக விட்டாலும் சாய்கிறது, ஓட ஓட அதிகமாகிறது என்றார் சின்ன அத்தான். பெரியவர் துறைக்குப் போய் எல்லாவற்றையும் இறைத்துவிட்டு மட்டம் வைத்தார். குமிழி நடுவில். அடுத்த நாளும் ஓட்டத்தில் சாய்ந்தது, துறையில் நேராக நின்றது. ஆக, படகில் கோளாறு இல்லை, ஓட்டுகிறவனிடம்தான் என்று அவர் மனதில் ஒரு கணக்கு ஓட ஆரம்பித்த நேரத்தில்தான் சலவைக்கடைச் செய்தி வந்து சேர்ந்தது.

எதிர்க்கரையில் புதிதாக ஒரு பட்டறை திறந்திருந்தார்கள். சின்ன அத்தான் அங்கே ஒருநாள் டீ குடித்தாராம். அதை யார் சொன்னார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் அந்த டீயில் பங்கு குடித்தவனாகியிருப்பேன்.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தார் பெரியவர். மூக்குப்பையை மட்டும் வழக்கம்போல் நிரப்பிவிட்டு, பம்ப் சுவிட்சுகளின் மேல் பிளாஸ்டர் ஒட்டி, அதன் மேல் தன் கையெழுத்தைப் போட்டு வைத்தார். பை இருக்கும் பெட்டிகளின் மூடியில் தையல் நூல் கட்டினார். படகு ஓடிவிட்டுத் திரும்பியது. பிளாஸ்டர் ஒட்டியபடி இருந்தது, நூல் அறுபடவில்லை, காலியாக விட்ட பின்பைகளில் இடது பை மட்டும் வயிறு முட்டக் குடித்திருந்தது. யாரும் தொடவில்லை என்றுதானே நமக்குத் தோன்றும். அவருக்கு அப்படித் தோன்றவில்லை. "கிழிக்காம செஞ்சிருக்கான் பாரு," என்றார் என்னிடம். "அப்ப எத்தனை நாள் பழகியிருக்கணும்?"

சின்ன அத்தான் பொறுமைசாலி. ஒரே ஒரு தடவை கூட வாங்க, ஓடும்போது என்ன ஆகிறது என்று நீங்களே பாருங்கள் என்று இரண்டு மூன்று முறை கூப்பிட்டார். பெரியவர் அசையவில்லை. அவர் பஸ்ஸில்கூட டிரைவருக்குப் பின்னால் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டே வருகிற ஆள்.

"நீ ஓட்டற படகுல நான் உக்காரணுமா? ஒரு திருப்பத்துல எதையாவது தட்டிவிடுவே. நான் பக்கத்துல இருந்தே ஏமாந்தேன்னு ஊர் சிரிக்கும்."

"தட்டிவிட்டு எனக்கு என்ன சகலை கிடைக்கப்போகுது?"

"அதைத்தான் நானும் தேடிக்கிட்டிருக்கேன்."

தேடல் அதோடு நின்றிருக்கலாம். ஆனால் வெள்ளிக்கிழமை டாக்டரம்மா துறைக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை தன் சொந்தக்காரர்கள் வருகிறார்கள், குழந்தைகளும் உண்டு, அன்றும் படகு கோணலாக ஓடினால் திங்கட்கிழமை எதிர்க்கரைப் பட்டறைக்குக் கொடுத்துவிடுவேன், பட்டறையோடு அவர்கள் ஓட்டுநரும் வருவார், உங்கள் இரண்டு பேருக்கும் வேலையில்லை என்று பல்லில் ஓட்டை பார்த்துச் சொல்வதுபோல் அமைதியாகச் சொன்னார்.

பெரியவர் சகலையைக் கை காட்டினார். "எதிர்க்கரைக்காரன் இவனுக்கு என்ன கொடுக்கறான்னு கேளுங்கம்மா. மூட்டை மூட்டையா தண்ணி அடைக்கறதுக்கு என்ன கூலின்னு கேளுங்க."

சின்ன அத்தான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சுருட்டி முடித்து, கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். "சகலை, நாலு பேர் முன்னாடி சொல்லிட்டீங்க. இனி நான் உங்ககிட்ட பேச ஒண்ணும் இல்ல." அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் உண்மையாகவே பேசவில்லை. சின்னக்காவும் பெரியக்காவும்கூட ஒருவருக்கொருவர் சமையல் குறிப்புக் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

டாக்டரம்மாவே ஒரு வழி சொன்னார். மூன்று பைகளையும் காலியாக விட்டுவிடுவது, ஆட்களை முன்பக்கமும் வலது பக்கமும் உட்காரவைத்துச் சாய்வைச் சரிக்கட்டுவது. முன்மூக்கு கனக்கக் கூடாது என்பது படகுக்காரர்களுக்குப் பாலபாடம். ஓடும்போது மூக்கு தூக்கி நிற்கும், ஒன்றும் தெரியாது. விழுந்தவரைத் தூக்க வேகத்தைக் குறைத்தால் மூக்கு இறங்கும். கனம் அதிகமென்றால் படகு கிளப்பிய அலையே முன்பக்கம் வழியாக உள்ளே வந்துவிடும். அதனால் சின்ன அத்தான் டாக்டரம்மாவிடம், முன்பை காலியாக இருக்கும் என்பது உறுதிதானா என்று கேட்டார். பெரியவரிடம் நேராகக் கேட்கவில்லை. டாக்டரம்மா திரும்பிப் பெரியவரைப் பார்த்தார்.

"காலியாத்தான் இருக்கும்," என்றார் பெரியவர். "ஆளுங்க தாராளமா உக்காரலாம்."

ஞாயிற்றுக்கிழமை அவர் துறைப்பக்கம் வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார் டாக்டரம்மா. விருந்தாளிகள் முன்னால் சண்டை வேண்டாம் என்று. எனவே காலையிலிருந்து கூண்டில் அடைத்த மாதிரி வீட்டைச் சுற்றி வந்துகொண்டிருந்தார். பிறகு பால்கனியில் தாளை விரித்து, கழற்றிய பழைய பம்ப்களைத் துடைக்க உட்கார்ந்தார். துறையில் போட்டு வைத்தால் யாராவது எடுத்துவிடுவார்கள் என்று வீட்டுக்குத் தூக்கிவந்தவை அவை.

ஒன்றில் மண் அடைத்திருக்கும் என்று நினைத்து வாயை வைத்து ஊதினார். காற்று போகவில்லை. இரண்டாவதை ஊதினார், அதிலும் போகவில்லை. ஒன்றைத் திறந்து பார்த்தார், சுத்தமாக இருந்தது. உள்ளே ரப்பர் இதழ்கள் சுவரோடு ஒட்டி வழியை மறித்துக்கொண்டு நின்றன. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு உள்ளே போய், உபரியாக வாங்கி வைத்திருந்த புதிய பம்ப்பை எடுத்துவந்து அதை ஊதினார். மறுமுனையில் விரித்திருந்த தாள் படபடத்தது.

"ஊது" என்று என்னிடம் நீட்டினார். ஊதினேன். தடையே இல்லை, புல்லாங்குழல் மாதிரி போனது.

பழைய பம்ப் நின்றால் தண்ணீரும் நின்றுவிடும். புதியது நின்றால் அது வெறும் திறந்த குழாய். படகின் அடியில் தண்ணீர் உறிஞ்சும் துளை முன்பக்கம் பார்த்து இருக்கிறது. படகு ஓடினால் ஏரியே அதற்குள் தள்ளும், சுவிட்சைத் தொட வேண்டியதில்லை. வலது பக்கம் மட்டும் பேட்டரிக்காகக் குழாய் மேலே ஏறி இறங்கியதால் தப்பித்திருக்கிறது. இதையெல்லாம் அவர் எனக்கு விளக்கவில்லை. பம்ப்பைப் பிடித்தபடி, "ஓடும்போது... ஓடும்போதுதான்" என்று இரண்டு தடவை சொன்னார். வாஷிங் மிஷின் எங்கேயும் ஓடாது. இருபது வருடப் பழக்கத்தில் படகையும் கட்டிப்போட்டுத்தான் பார்த்திருக்கிறார்.

"இடது பைக்கு ஒரு அடைப்பான் போட்டாச் சரியாயிடுமே அத்தான்" என்றேன், ஆறுதலாக.

"மூக்குப்பையும் நேர்க்குழாய்தான்டா."

இத்தனை நாளும் அந்தப் பையை நிரப்பித்தான் ஓட்டினார்கள், அதனால் அது தானாக நிரம்புவது யாருக்கும் தெரிய வழியில்லை. இன்றைக்குத்தான் முதன்முறையாகக் காலி என்று நம்பி அதன் மேல் ஆட்களை உட்காரவைத்திருக்கிறார்கள். காலி என்று சொன்னவர் என் எதிரில் உட்கார்ந்திருந்தார். மணி பத்தே முக்கால். பத்து மணிக்குப் படகு கிளம்பியிருக்கும்.

அவர் சகலையின் எண்ணுக்கு அடித்தார். மணி போய் நின்றது. மறுபடி அடித்தார். டாக்டரம்மா தண்ணீரில் இறங்கும் நாளில் போனை அணைத்துக் காரில் வைத்துவிடுவார். அணைத்துத்தான் இருந்தது. பெரியக்கா ஓடிவந்து சின்னக்காவைக் கூப்பிட்டாள். போன் அவர் சட்டைப்பையில்தான் இருக்கிறது, உங்க வீட்டு நம்பர் எது வந்தாலும் எடுக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டுப் போனார், நானும் அடித்துப் பார்க்கிறேன் என்றாளாம் சின்னக்கா. குரலில் இன்னும் வெள்ளிக்கிழமை இருந்தது என்றாள் பெரியக்கா.

என் போனிலிருந்து நான் அடித்தேன். மணி முழுதாகப் போய் அறுந்தது.

"உன் நம்பர்ல நான்தான் பேசறேன்னு நினைப்பான்" என்றார் அத்தான். வேறு யாரைப் பற்றியும் அவர் இவ்வளவு சரியாக யோசித்து நான் கேட்டதில்லை. காரில் ஏரிக்கு அரை மணி நேரம். கதவைப் பூட்டாமலே இறங்கிவிட்டோம். நான் ஓட்டினேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சாலையைப் பார்க்காமல், போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்திருந்தார். ஒவ்வொரு முறை மணி நிற்கும்போதும் விரல் தானாகப் போய் மறுபடி அழுத்தியது.

"எடுத்துத் திட்டுடா," என்றார் போனைப் பார்த்து. "திட்டிட்டாவது கேளு. வேகத்தைக் குறைக்காத. முன்னாடி இருக்கறவங்களைப் பின்னாடி அனுப்பிட்டு அப்புறம் குறை."

மணி போய்க்கொண்டிருந்தது.