பூரானுக்கு ரெண்டு கால் கம்மி

அடி அண்ணாமலை கிராமத்துப் பலராமனுக்கு ஊரில் வைத்த பெயர் ‘காலெண்ணி’. டவுன் கல்லூரியின் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் ஒன்பது வருஷமாகத் தற்காலிக உதவியாளர். பாட்டில் கழுவுவது, தவளை பிடிப்பது, லேபிள் எழுதுவது எல்லாம் அவர்தான். படிப்பு எட்டாவது. ஆனால் மண்ணுக்குள் வாழும் பூரானைப் பற்றி அவரிடம் வாயைக் கொடுத்தீர்களோ, தொலைந்தீர்கள்! அதற்குக் கண்ணே கிடையாது, மரவட்டைக்கு வளையத்துக்கு ரெண்டு ஜோடி கால், பூரானுக்கு ஒரே ஜோடி, தாய்ப்பூரான் முட்டையைச் சுருண்டு கட்டிக்கொண்டு காவல் கிடக்கும் என்று, உங்கள் டீ ஆறிப்போகும்வரை விடமாட்டார். கடலைக் கொல்லையில் ஏர் ஓட்டும்போது அகப்பட்ட பூரானுக்கெல்லாம் கால் ஜோடியை எண்ணி நோட்டில் எழுதிவைத்திருந்தார். மொத்தம் இருபத்தெட்டு பூரான்.

1981-ல் ஒருநாள் பேராசிரியர் சக்கரபாணி கூப்பிட்டார். மீனைப் பற்றிப் படித்த மனுஷர். பூரானைக் கண்டால் நாற்காலிமேல் ஏறிவிடுவார்.

“திங்கக்கிழமை மெட்ராஸ்லேர்ந்து இன்ஸ்பெக்‌ஷன்யா. நூறுகாலி, அதான்யா பூரான், அந்த பாட்டில் காலியா இருக்குது. சரியா நூறு கால் இருக்கிறதா ஒண்ணு கொண்டா. உன்னை நிரந்தரமாக்குற உத்தரவுல அன்னிக்கே கையெழுத்துப் போடறேன்.”

“நூறு வராதுங்க சார். எண்ணிப் பாத்துட்டேன்.”

“பேரே நூறுகாலிய்யா! ஆயிரங்கால் மண்டபத்துக்குக் கால் இல்லாமயா பேர் வெச்சாங்க?”

“அதையும் எண்ணிட்டு வரட்டுங்களா சார்?”

“போய்யா வெளியே!”

நாலு நாள் எருக்குழியைக் கிளறினார். நாற்பத்தேழு ஜோடி வந்தது, நாற்பத்தொன்பது வந்தது, ஐம்பத்தொன்று வந்தது. பாழாய்ப்போன ஐம்பது மட்டும் வரவில்லை. மனைவி கஸ்தூரி பொறுமை இழந்தாள்.

“இன்னாங்க, அம்பத்தொண்ணுல ஒரு ஜோடியப் பிச்சிட்டா அம்பதுதானே? பூரான் காலுக்காகப் பொழப்பை விட்டுடுவீங்களா?”

விட முடியுமா? இடுக்கியால் ஒரு ஜோடியைப் பிய்த்தார். தூக்கியெறிய மனசு வரவில்லை. கோயில் விபூதி கொஞ்சம் மிச்சமிருந்த காகிதத்தில் அந்த ரெண்டு காலையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை வந்து இறங்கியவர் டாக்டர் வேதா. பூரான் வகைப்பாட்டிலேயே பட்டம் வாங்கிய அம்மா! சக்கரபாணிக்கு அது தெரியாது. அந்த அம்மா பாட்டிலை லென்ஸால் பார்த்தார், எண்ணினார், மறுபடி எண்ணினார்.

“அம்பது ஜோடியா! சார், மண்பூரான் வரிசையில எத்தனை இனம் இருந்தாலும் கால் ஜோடி ஒற்றைப்படைதான். சரியா நூறு கால் உள்ளதை இதுவரைக்கும் யாரும் பாத்ததில்ல. இது புது இனமாத்தான் இருக்கணும்!”

“நான்தான் தேடச் சொன்னேன். என் பேரை வைக்கலாங்களா?” என்று சக்கரபாணி நெஞ்சை நிமிர்த்தினார்.

“வெச்சிடலாம். இன்னிக்கே எழுதறேன்.”

பலராமன் எட்டிப் பார்த்தார். மேஜைமேல் அவருடைய உத்தரவு. பக்கத்தில் மூடி திறந்த பேனா. வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை நிரந்தரம். ஆனால் இல்லாத பூரான் ஒன்று புஸ்தகத்தில் ஏறிவிடுமே! பொட்டலத்தை எடுத்து நீட்டிவிட்டார்.

வேதா விபூதி என்று நினைத்து, பக்தியோடு வலது கையால் வாங்கிப் பிரித்து, ஒரு சிட்டிகை எடுத்து நெற்றிக்குக் கொண்டுபோனார்.

“அம்மா, பூசிக்காதீங்க! அது பூரான் கால்!”

உண்மை முழுக்க வெளியே வந்தது. சக்கரபாணி முகத்தில் ஈயாடவில்லை.

“நூறு வராதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று வேதா கேட்டார்.

பலராமன் நோட்டைக் கொடுத்தார். இருபத்தெட்டு வரி, ஒன்றுகூட இரட்டைப்படை இல்லை. வேதா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரும்வரை. பிறகு பேனாவைச் சக்கரபாணி பக்கம் தள்ளினார்.

“கையெழுத்துப் போடுங்க சார். இல்லன்னா இந்தப் பொய் நூறுகாலிக்கு உங்க பேரையே வெச்சி எழுதிடுவேன்.”

போட்டார். அன்று சாயங்காலம் நிரந்தர உதவியாளர் பலராமன் எழுதிய முதல் லேபிள் இது: ‘மண்பூரான். கால் ஐம்பத்தோரு ஜோடி. அதில் ஒரு ஜோடி பக்கத்துப் பொட்டலத்தில். பூசக் கூடாது.’