இரண்டாவது நம்பர்

ஜொகூரிலிருந்து தனியாகக் காரோட்டி ஜார்ஜ்டவுன் போயிருந்தேன். மலிவான அறைகள் இருந்தன. காரைத்தான் தெருவில் விடச் சொன்னார்கள். முன்பொரு பயணத்தில் தெருவில் விட்ட காரின் கண்ணாடியை யாரோ உடைத்துவிட்டார்கள். அந்தப் பயம் இன்னும் போகவில்லை. சாயங்காலம்தான் கேட் போட்ட சிறு விடுதி ஒன்று கிடைத்தது.

அங்கே காவலுக்கு ஒல்லியான ஒருவர் இருந்தார். ஒவ்வொரு காரின் பக்கக் கண்ணாடியையும் மடக்கி, கூரையை மெல்லத் தட்டிவிட்டுத்தான் நகர்வார். இடம் குறுகல்; கார்கள் ஒன்றையொன்று மறித்தே நிற்கும்; ஒன்றை எடுக்க இன்னொன்றை நகர்த்த வேண்டும். என்னிடம் ஓர் அட்டையையும் பேனாவையும் நீட்டினார்.

"போன் நம்பர் எழுதி முன்னால வைங்க தம்பி. கூட வந்தவங்க நம்பரும் வேணும். நீங்க தூங்கிட்டா யாரைக் கூப்பிடுறது?"

என் எண்ணை எழுதினேன். "கூட யாரும் வரலண்ணே."

"அப்ப வீட்டு நம்பர்?"

"வீட்லயும் யாரும் இல்லண்ணே."

"ரெண்டு நம்பர் இல்லாம காடிய உள்ள விட்டா மொதலாளி ஏசுவாருலா."

நான் காரை வெளியே எடுக்கத் திரும்பினேன். அவர் பேனாவை வாங்கி, என் எண்ணுக்குக் கீழே எழுதினார்.

"என் நம்பர்தான். யாராவது கூப்பிட்டா நான் வந்து கதவத் தட்டுறேன். போய்த் தூங்குங்க."

காலையில் வேறொருவர் காவலில் இருந்தார். இரவு நம்பர் எழுதிக் கொடுத்தவரின் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. என்ன பேசுவதென்று தெரியாததால், இதுவரை அவரைக் கூப்பிட்டதில்லை. ஆனால் எங்கே நிறுத்தினாலும் அந்த அட்டையைத்தான் முன்னால் வைக்கிறேன்.